பெரா, ஓஏஇ, ஈகாக்: உள்காதுக் கோளாறை மின்னலைகளில் தேடுவது எப்படி

டாக்டர் சீட்டில் "பெரா டெஸ்ட்" என்று எழுதிக் கொடுத்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "காதுல கரண்ட் வைப்பாங்களா?" என்பதுதான். வைக்க மாட்டார்கள். பெரா என்பது சத்தம் கேட்டதும் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலையைப் பதிவு செய்யும் சோதனை. கரண்ட் ஏற்கெனவே உங்கள் காதுக்குள் இருக்கிறது. இயந்திரம் வெளியே நின்று அதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, "இத எடுத்தா காது கேக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடுமா?" இதற்கு ஒரே வார்த்தையில் ஆமாம் சொல்ல முடியாது. ஒரு சத்தத்தைக் கேட்டு, அது அம்மாவின் குரல் என்று புரிந்துகொள்வது மூளை முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை. இந்தச் சோதனைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. காதுக்குள் நுழைந்த சத்தம் எந்த நிறுத்தம் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதை மட்டும் காட்டும். பஸ் எந்த ஊரில் மக்கர் செய்தது என்று வழியில் உள்ள டீக்கடைகளில் விசாரிப்பது போல. ஒரு கடையில் மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிட வேண்டும்.

பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரையும், தலைசுற்றலும் காது அடைப்புமாக அலையும் பெரியவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆடியாலஜி, அதாவது கேட்பியல், படிக்கும் மாணவர்களுக்கும் சில இடங்கள் உதவலாம்.

காதுக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது

உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதிக்குக் காக்ளியா என்று பெயர். அதன் நடு அறையில் எண்டோலிம்ப் என்ற நீர் இருக்கிறது. பொட்டாசியம் நிறைந்த இந்த நீருக்குச் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டு. அந்த நீரில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பவை மயிர்ச் செல்கள். ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசையில் சுமார் 12,000. சத்தம் வந்து மயிர்கள் சாயும்போது ஒரு வாசல் திறந்து மின்னோட்டம் பாய்கிறது. வெளிவரிசைச் செல்கள் தாங்களே நீண்டு சுருங்கி அதிர்வைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. உள்வரிசைச் செல்கள் செய்தியை செவி நரம்பிடம் ஒப்படைக்கின்றன.

இதில் வெளியிலிருந்து பிடிக்கக்கூடிய மின்சாரங்கள் மூன்று. முதலாவது காக்ளியர் மைக்ரோபோனிக். சத்தத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்தது போல இருக்கும். இரண்டாவது சம்மேட்டிங் பொட்டென்ஷியல், சுருக்கமாக எஸ்பி. மூன்றாவது செவி நரம்பு ஒட்டுமொத்தமாகத் துடிக்கும் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல், சுருக்கமாக ஏபி.

1930-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வீவர், பிரே என்ற இருவர் ஒரு பூனையின் செவி நரம்பில் கம்பியை இணைத்து, மறுமுனையைப் பெருக்கி வழியாக வேறொரு அறையிலிருந்த டெலிபோன் ரிசீவருக்குக் கொண்டுபோனார்கள். பூனையின் காதருகே பேசினால் அடுத்த அறையில் பேச்சு தெளிவாகக் கேட்டது! நரம்புதான் இப்படிப் பேச்சைச் சுமந்து வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அதில் பெரும்பகுதி மயிர்ச் செல்களின் மைக்ரோபோனிக் என்பது பிறகுதான் தெளிவானது. செல்லின் மின்சாரத்தை நரம்பின் மின்சாரம் என்று நினைத்துவிடும் இதே தவறு இன்றைக்கும் பெரா ரிப்போர்ட் படிக்கும்போது நடக்கிறது. கீழே அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

படி 1: என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி தெரியாமல் எடுத்த பெரா வெறும் வளைகோடு.

குழந்தைக்கு எவ்வளவு மெல்லிய சத்தம் வரை எட்டுகிறது என்று தெரிய வேண்டுமா? அதற்கு பெராவும், காது திருப்பி அனுப்பும் மெல்லிய சத்தத்தைப் பிடிக்கும் ஓஏஇயும் சேர்ந்து வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேட்புக் குறைவும் இருக்கிறது, நரம்பில் கட்டி இருக்குமோ என்று சந்தேகமா? அப்போது எம்ஆர்ஐதான் முதல் தேர்வு. சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளைச் சாதாரண பெரா தவறவிடக்கூடும். எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு பெரா இன்றும் பயன்படும். விட்டுவிட்டு வரும் தலைசுற்றல், காதில் அடைப்பு, கூடிக் குறையும் கேட்பு என்றால் உள்காதில் நீர் கூடியிருக்கிறதா என்பது கேள்வி. அங்கேதான் காக்ளியாவின் மின்சாரத்தை அருகிலிருந்து அளக்கும் ஈகாக், அதாவது எலக்ட்ரோகாக்லியோகிராபி, வருகிறது.

படி 2: மின்சாரத்துக்கு முன்னால் சாதாரணச் சோதனைகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். முதலில் ஈஎன்டி டாக்டர் காதுக்குள் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தால் எந்த டெஸ்டும் பொய் சொல்லும்.

அடுத்தது டிம்பனோமெட்ரி. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று காற்றழுத்தத்தை வைத்துப் பார்ப்பது. ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கான 226 ஹெர்ட்ஸில் எடுத்தால், நீர் இருந்தும் இல்லாதது போலக் காட்டலாம். பிறகு ஓஏஇ. இதை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்துச் சொன்னார். நல்ல காது சத்தத்தைக் கேட்பதோடு நிற்காமல் மிக மெல்லிய சத்தத்தைத் திருப்பி வெளியே அனுப்பவும் செய்கிறது. அனுப்புபவை வெளிவரிசை மயிர்ச் செல்கள். கேட்புக் குறைவு ஏறத்தாழ 30, 35 டெசிபலைத் தாண்டினால் இந்த எதிரொலி பொதுவாக வராது. நடுக்காதில் நீர் இருந்தாலும் வராது.

பெரியவர்கள் என்றால் ஆடியோகிராம் கட்டாயம். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தும் அந்தப் பழைய சோதனைக்கு ஈடு கிடையாது. ஆடியோகிராம் இல்லாமல் ஈகாக் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

படி 3: தயாராகுங்கள்

குழந்தை தூங்கினால்தான் பெரா. அழுதால், கையைக் காலை உதைத்தால், தாடை அசைந்தால் தசைகளின் மின்சாரம் காதின் மின்சாரத்தை விழுங்கிவிடும். முதல் சில மாதங்களில் இயற்கைத் தூக்கமே போதும். அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். வரும் வழியில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வந்து, மின்னலையைப் பிடிக்கும் எலக்ட்ரோடு ஒட்டிய பிறகு பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். பெரிய குழந்தைகளுக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவமனையில், டாக்டர் பார்வையில், எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். போன தடவை மிச்சமான சிரப்பை வீட்டிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பும் வேலை வேண்டாம். மூச்சுத் திணறல் வந்தால் வழியில் யாரும் உதவ முடியாது. மருந்து கொடுப்பதாக இருந்தால் எவ்வளவு நேரம் பால், உணவு கொடுக்கக் கூடாது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம்: தலைக்கு எண்ணெய் வேண்டாம். முந்தின நாளே ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். நெற்றியில் மை, சாந்து, திருநீறு எதுவும் வேண்டாம். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் கன்னத்தில் வையுங்கள். எலக்ட்ரோடு ஒட்டுவது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும். எண்ணெய் படிந்த தோலில் மின் தடை குறையவே குறையாது. ஆடியாலஜிஸ்ட் சொரசொரப்பான ஜெல்லை வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்வார். அதற்குள் குழந்தை விழித்துவிடும். அன்றைய நாள் போச்சு.

பெரியவர்கள் செல்போனை அணைத்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம். கழுத்தையும் தாடையையும் தளர்த்தி வைத்தால் போதும். தலைசுற்றலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஈகாக்குக்கு முன் அதை நிறுத்த வேண்டுமா என்று அனுப்பிய டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 4: பெரா எப்படி எடுக்கப்படுகிறது

நெற்றியின் மேல்பகுதியில் ஒன்று, இரண்டு காதுக்கும் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் ஒவ்வொன்று, தரை இணைப்புக்கு இன்னொன்று. ஆக நான்கு எலக்ட்ரோடு. ஒவ்வொன்றின் மின் தடையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே வர வேண்டும். காதுக்குள் சிறிய பஞ்சுமுனை இயர்போன் போகும். அதன் வழியாக "டிக் டிக் டிக்" என்று கிளிக் சத்தம். ஒரு கிளிக் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். நொடிக்கு 11 முதல் 30 கிளிக் வரை.

காதிலிருந்து வரும் மின்னலை ஒரு மைக்ரோவோல்ட்டை விடச் சிறியது. மூளையின் மற்ற மின்சாரம் அதைப் போலப் பல மடங்கு. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் உங்கள் பெயரை மெல்லச் சொன்னால் கேட்காது. அதே பெயரை அதே தாளத்தில் இரண்டாயிரம் தடவை சொல்லி, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால்? கூட்டத்தின் சத்தம் தாறுமாறாக இருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பெயர் மட்டும் மேலெழுந்து வரும். கம்ப்யூட்டர் செய்யும் சராசரி இதுதான். 2,000 தடவை அடுக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 45 மடங்கு குறைகிறது.

அப்படி மேலெழும் அலைகளை 1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் இருவரும் ரோமன் எண் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். நமக்கு முக்கியமானவை 1, 3, 5. உரத்த கிளிக்குக்கு, பெரியவர்களின் காதில், முதல் அலை சுமார் 1.6 மில்லிநொடியில் வரும். அது காக்ளியாவை விட்டுக் கிளம்பும் செவி நரம்பு. மூன்றாவது சுமார் 3.7-இல், மூளைத்தண்டின் முதல் நிறுத்தம். ஐந்தாவது சுமார் 5.6-இல், மூளைத்தண்டின் மேல்பகுதி. ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே சுமார் 4 மில்லிநொடி. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு இது 5 மில்லிநொடி அளவுக்கு இருக்கும். நரம்பின் உறை முதிர முதிரக் குறைந்து, இரண்டு வயதுவாக்கில் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும். குழந்தையின் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டு "நரம்பு தாமதம்" என்று எழுதித் தந்து, பெற்றோரைத் தூங்கவிடாமல் செய்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பின் எல்லையைத் தேடும்போது சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். மற்ற அலைகள் முதலில் மறையும். ஐந்தாம் அலை கடைசி வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் தாமதித்துக்கொண்டே போகும். அது கடைசியாகத் தெரிந்த அளவுதான் எல்லை. உண்மையான கேட்பு பெரும்பாலும் அதைவிடப் பத்து, இருபது டெசிபல் நன்றாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிளிக் சத்தம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் எழுப்பும். குழந்தைக்குக் கீழ்ச்சுருதியில் மட்டும் கேட்பு இருந்தாலோ, அதில் மட்டும் குறை இருந்தாலோ கிளிக் பெராவுக்குத் தெரியாது. அதனால் காது மெஷின் பொருத்தும் நோக்கம் இருந்தால் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி ஒலியில் எடுக்கச் சொல்லுங்கள். டோன் பர்ஸ்ட் பெரா அல்லது ஏஎஸ்எஸ்ஆர் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். எலும்பு வழிச் சோதனையும் செய்தால் நடுக்காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

படி 5: எங்கே நின்றது என்று படியுங்கள்

எல்லா அலைகளும் வந்திருக்கின்றன, ஆனால் எல்லாமே ஒரே அளவு தாமதம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி சரியாக இருக்கிறது. கிளம்பும் இடத்திலேயே தாமதம் என்று அர்த்தம். நடுக்காது அல்லது குறும்பி.

உரத்த சத்தத்தில் ஐந்தாம் அலை கிட்டத்தட்ட சரியான நேரத்தில் வருகிறது, சத்தத்தைக் குறைத்ததும் சட்டென்று மறைகிறது. ஓஏஇயும் இல்லை. இது காக்ளியாக் கோளாறின் வழக்கமான முகம். மயிர்ச் செல்கள் குறைந்திருக்கின்றன. கிளம்பிய செய்தி மட்டும் வழியில் ஒழுங்காகப் போகிறது.

முதல் அலை இருக்கிறது, அதற்குப் பிறகு இடைவெளி 4.4, 4.5 மில்லிநொடியைத் தாண்டுகிறது. அல்லது இரண்டு காதுகளின் ஐந்தாம் அலைக்கும் நடுவே 0.4 மில்லிநொடிக்கு மேல் வித்தியாசம். காக்ளியாவைத் தாண்டி, நரம்பிலோ மூளைத்தண்டிலோ தேட வேண்டும். எம்ஆர்ஐக்கு அனுப்புவார்கள்.

நான்காவது வகையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓஏஇ நன்றாக வருகிறது. பெராவில் அலையே இல்லை. பிறந்த ஆஸ்பத்திரியில் ஓஏஇ மட்டும் எடுத்து "பாஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. "கதவு சாத்துனா திரும்பிப் பாக்குறா சார், அம்மான்னு கூப்பிட்டா மட்டும் பாக்க மாட்டேங்குறா" என்பார்கள். இதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். 1996-இல் ஸ்டார் என்பவரின் குழு இதைத் தனிக் கோளாறாக விவரித்தது. வெளிவரிசைச் செல்கள் நன்றாக இருக்கின்றன. உள்வரிசைச் செல்லிலோ, அது நரம்போடு சேரும் முனையிலோ, நரம்பிலோ பழுது. செய்தி போகிறது, ஆனால் தாளம் தப்பிப் போகிறது. தாளம் தப்பினால் சராசரியில் எதுவும் மேலெழாது.

பூனைக் கதை இங்கேதான் வருகிறது. இந்தக் குழந்தைகளின் பெராவில் ஆரம்பத்தில் சில குட்டி அலைகள் வரிசையாகத் தெரியும். அவசரத்தில் பார்த்தால் முதல் அலை, இரண்டாம் அலை என்று தோன்றும். உண்மையில் அது மைக்ரோபோனிக். பிரித்தறிய வழி எளிது: கிளிக்கின் திசையைத் தலைகீழாக மாற்றி இன்னொரு தடவை எடுக்க வேண்டும். மைக்ரோபோனிக் என்றால் அதுவும் தலைகீழாகும், சத்தத்தைக் குறைத்தாலும் நேரம் தள்ளிப்போகாது. நரம்பலை அப்படிக் கவிழாது. கூடவே இயர்போன் குழாயைக் கிள்ளி அடைத்து ஒரு பதிவு. சத்தம் காதுக்குப் போகாமலே அலை வந்தால் அது இயந்திரத்தின் மின்கசிவு. ஆக மூன்று பதிவுகள், பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல், திசையை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரே பதிவாகச் சேர்க்கும் மாற்று திசைக் கிளிக்கில் மட்டும் எடுத்தால் மைக்ரோபோனிக் தானாகவே அழிந்து, வெறும் கோடு மிஞ்சும். "ரெஸ்பான்ஸ் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். காக்ளியா செத்தது போலத் தோன்றும், ஆனால் அது உயிரோடு இருக்கும்.

கடுமையான மஞ்சள் காமாலை, குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். அதனால்தான் பச்சிளம் குழந்தை ஐசியூவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெரா வகைச் சோதனைதான் வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மரபணுவாலும் வரலாம். ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கான மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்து வந்த இரண்டு பிரதியிலும் பழுதாகியிருந்தால் காது இப்படி ஆகும். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சாதாரணம் என்பதால், சொந்தத்தில் கட்டியிருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டால் சங்கடப்படாமல் சொல்லுங்கள். 2024-இல் ஷாங்காயில் இந்த மரபணுவைக் காதுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்த ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்பு திரும்பியதாக வெளியான ஆய்வில், முன்னேற்றத்தை அளக்கவும் பெராவைத்தான் பயன்படுத்தினார்கள்.

குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு மாதங்கள் போகப்போக அலைகள் தாமாகவே தோன்றுவதும் உண்டு. அதனால் ஒரே பெராவை வைத்து, காக்ளியர் இம்ப்ளான்ட் (செவி நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் உள்காதுக் கருவி) பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்காமல், மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் கோளாறு என்னவென்று உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் கணக்கு. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்கிறது. ஆனால் வயது கூடக்கூடப் பேச்சில் கிடைக்கும் பலன் குறையும்.

படி 6: ஈகாக், தலைசுற்றலுக்கு

தலை சுற்றினால் பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு குடிப்போம். நிற்கவில்லை என்றால் கழுத்து எக்ஸ்ரே, "எலும்பு தேஞ்சிருக்கு" என்று ஒரு பட்டை. நாற்பதைத் தாண்டிய யாருடைய கழுத்தை எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். உள்காதைப் பார்க்காமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

பிரெஞ்சு மருத்துவர் மெனியே 1861-இல் சொன்னது இதுதான்: இப்படிச் சுற்றுவது மூளைக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, காதிலிருந்தும் வரலாம். அவர் பெயரில் உள்ள நோயில் எண்டோலிம்ப் நீர் கூடி, காக்ளியாவின் நடு அறை உப்பிப்போகிறது. உப்பிய அறை பக்கத்துச் சவ்வுகளை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஊஞ்சல் முன்னும் பின்னும் ஒரே அளவு போய்வந்தால் அதன் மையம் நடுவில் இருக்கும். ஒரு பக்கம் யாராவது இழுத்துப் பிடித்தால் மையமே தள்ளிவிடும். அந்தத் தள்ளலின் மின் வடிவம்தான் எஸ்பி. நீர் கூடினால் எஸ்பி பெரிதாகும் என்ற எண்ணத்தில்தான் ஈகாக் நிற்கிறது.

எடுக்கும் முறை பெராவைப் போலத்தான், எலக்ட்ரோடு மட்டும் காக்ளியாவுக்கு அருகில் போகிறது. மூன்று வழிகள் உண்டு. காதுக் கால்வாயில் தங்கத்தாள் சுற்றிய பஞ்சுமுனை வைப்பது முதல் வழி. வலியே இல்லை, ஆனால் அலை சிறியது. செவிப்பறையின் மேல் ஈரமான மென்முனையைத் தொட வைப்பது இரண்டாவது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அலை நன்றாக வரும். மரத்துப்போக மருந்து போட்டு, செவிப்பறையைத் துளைத்து நுண்ணிய ஊசியைக் காக்ளியாவின் எலும்புச் சுவரில் நிறுத்துவது மூன்றாவது; அலை மிகத் தெளிவு, ஆனால் ஈஎன்டி டாக்டர்தான் செய்ய முடியும். பிறகு 90 டெசிபல் அளவில் மாற்று திசைக் கிளிக். இங்கே மைக்ரோபோனிக் அழிய வேண்டும் என்பதற்காகவே மாற்று திசை. பெராவில் ஆபத்தாக இருந்தது இங்கே உதவி.

பதிவில் முதலில் தோளைப் போல ஒரு மேடு, அது எஸ்பி. அடுத்து ஒரு பெரிய சிகரம், அது ஏபி. இரண்டையும் வகுத்து விகிதம் சொல்வார்கள். எஸ்பி 0.24, ஏபி 0.40 மைக்ரோவோல்ட் என்றால் விகிதம் 0.6. கால்வாய் எலக்ட்ரோடில் 0.5-க்கு மேலே போனால் அதிகம் என்று பல மையங்கள் கொள்கின்றன. ஊசி முறையில் இந்த எல்லை இன்னும் கீழே வரும். ஒவ்வொரு மையமும் தன் இயந்திரத்தில், தன் எலக்ட்ரோடில், நல்ல காது உள்ளவர்களை வைத்துத் தன் எல்லையை வகுத்திருக்க வேண்டும். அப்படி வகுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இந்த விகிதத்தின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏபி 0.40 என்று வைத்துக்கொள்வோம். தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று குறிக்கும் கோட்டை ஒருவர் 0.18-இல் வைக்கிறார், இன்னொருவர் 0.22-இல் வைக்கிறார். விகிதம் முறையே 0.45, 0.55. ஒருவருக்கு நார்மல், இன்னொருவருக்கு மெனியே! அலை சிறிதாக இருக்கும்போது கை நடுக்கம்தான் தீர்ப்பு எழுதுகிறது. அதனால்தான் குறைந்தது இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படிகிறதா என்று பார்க்க வேண்டும்.

காது அடைப்பும் இரைச்சலும் இருக்கும் நாளில் எடுத்தால் ஈகாக் உண்மையைச் சொல்லும் வாய்ப்பு அதிகம். எல்லாம் சரியாகி இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நீர் வடிந்து நார்மலாக வரலாம். கேட்பு மிகவும் குறைந்துவிட்டால் ஏபியே வராது. விகிதம் போட எதுவும் இல்லை.

அதைவிட முக்கியமானது, மெனியே நோய்க்கான 2015-ஆம் ஆண்டின் சர்வதேச அளவுகோலில் ஈகாக் இல்லவே இல்லை. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்த தலைசுற்றல் இரண்டு தடவையாவது, ஆடியோகிராமில் அந்தக் காதில் கீழ், நடுச்சுருதிக் குறைவு, கூடிக் குறையும் இரைச்சல் அல்லது அடைப்பு, வேறு காரணம் இல்லை என்ற உறுதி, இவ்வளவுதான். அமெரிக்க ஈஎன்டி சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், நோயை உறுதிசெய்ய ஈகாக்கை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அப்புறம் எதற்கு இந்தச் சோதனை? கதை தெளிவில்லாதபோது, எந்தக் காது என்று குழப்பம் வரும்போது, மைக்ரேன் தலைசுற்றலா மெனியேவா என்று தராசு ஆடும்போது, ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூட்டும். அதற்குத்தான். நார்மல் ஈகாக் மெனியே இல்லை என்று நிரூபிக்காது.

விகிதம் அதிகம் என்றால் எல்லாம் மெனியே என்றும் இல்லை. உள்காதின் மேல் அரைவட்டக் குழாயின் எலும்பில் ஓட்டை விழும் ஒரு கோளாறு உண்டு. 1998-இல் லாய்ட் மைனர் விவரித்தது. தன் குரலே காதுக்குள் முழங்கும், கண் உருளும் சத்தம்கூடக் கேட்கும், பலத்த ஓசைக்குத் தலை சுற்றும். இதிலும் விகிதம் உயரும். இப்படி அறிகுறி இருந்தால் சிடி ஸ்கேனும், வெம்ப் என்ற சமநிலைச் சோதனையும்தான் பிரித்துக் காட்டும்.

படி 7: ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது

முடிவு எழுதிய தாள் மட்டும் போதாது, அலைகள் அச்சான பக்கங்களையும் வாங்குங்கள். ஒவ்வொரு அளவிலும் இரண்டு கோடுகள் இருக்கின்றனவா, எந்த ஒலி, எந்தத் திசை, எத்தனை டெசிபல், மின் தடை எவ்வளவு, நோயாளி தூங்கினாரா என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஈகாக் என்றால் எந்த வகை எலக்ட்ரோடு என்பது எழுதியிருக்க வேண்டும்; அது இல்லாத விகிதத்தை அடுத்த தடவையின் விகிதத்தோடு ஒப்பிட முடியாது.

"90 டெசிபலில் ரெஸ்பான்ஸ் இல்லை" என்று எழுதியிருந்தால் கொஞ்சமும் கேட்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓஏஇ எடுத்தார்களா, திசை மாற்றிப் பார்த்தார்களா, குழாயை அடைத்துப் பார்த்தார்களா, கீழ்ச்சுருதியில் தேடினார்களா என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் பதில் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பலாம்.

பெரா நார்மல், ஆடியோகிராமும் நார்மல், ஆனால் கல்யாண வீட்டுச் சத்தத்தில் பேச்சு பிடிபடவில்லை என்று சிலர் வருவார்கள். 2009-இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில், பலத்த ஓசைக்குப் பிறகு கேட்பு எல்லை பழையபடி திரும்பியும் நரம்பு இணைப்புகள் போயிருப்பதையும், பெராவின் முதல் அலை மட்டும் குட்டையாகியிருப்பதையும் காட்டினார்கள். மனிதர்களில் முதல் அலையின் உயரம் மண்டை அளவு, எலக்ட்ரோடு வைத்த இடம் என்று பலவற்றால் மாறும். அதனால் இதை வைத்து ஒருவருக்கு "மறைந்த கேட்புக் குறைவு" என்று சான்றிதழ் எழுத இன்னும் முடியாது. யாராவது எழுதிக் கொடுத்தால் எந்த அளவுகோல் என்று கேளுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் அதே ஃபைலில் ஒரு தாள் செருகி, எந்தத் தேதி, எத்தனை நிமிடம், எந்தக் காதில் அடைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஈகாக்கை எந்த நாளில் எடுப்பது என்று டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.